ஒரு கைபேசி, ஒரு நிமிடம்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைப் பதிவு செய்து கேட்பது எப்படி?

சென்ற கல்வியாண்டில் என் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடங்கலே இல்லாமல் வாசித்தான். மகிழ்ச்சியோடு நிமிர்ந்து பார்த்தேன். அவன் கண் புத்தகத்தில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் இருந்தது. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தான். பக்கம் முழுவதும் மனப்பாடம்.

அன்றுதான் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் தனியாகக் கேட்டே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிறோம். அது எந்தப் பிள்ளையை எந்த வட்டத்தில் உட்கார வைப்பது என்று சொல்கிறது. ஆனால் மொட்டு நிலையில் இருக்கும் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதில்லை. யார் எங்கே தடுக்குகிறார் என்பதைக் காதால் கேட்டால்தான் தெரியும். 27 பிள்ளைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அதைக் கேட்க முடியாது என்பதால் கைபேசியின் துணையைத் தேடினேன். பல வாரம் தடுமாறிய பிறகு படிந்து வந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், வாசிக்கத் தரும் பத்தி

பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் பார்த்திராத பத்தி வேண்டும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லை. எனக்கு அதைவிட நானே எழுதும் பத்திதான் பிடிக்கிறது. எந்த எழுத்தில் சந்தேகம் இருக்கிறதோ அந்த எழுத்தை வேண்டுமென்றே உள்ளே வைக்கலாம். இது நான் எழுதிய ஒன்றின் தொடக்கம்:

மாலையில் மழை பெய்தது. — 10
கொட்டிலில் ஆடு கத்தியது. — 22
பொன்னி குடையோடு ஓடினாள். — 33

ஓரத்தில் இருக்கும் எண் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒற்றைக் கொம்பும், கொம்போடு காலும் இந்த மூன்று வரியிலும் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் இப்போது கவனியுங்கள். இப்படியே சுமார் 300 எழுத்து வரும்வரை எழுதிக்கொள்ளுங்கள். வேகமாக வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்துக்குள் பத்தி தீர்ந்துவிடக் கூடாது.

அச்சுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, 20 புள்ளி அளவு, வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி. இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். இருபக்கமும் ஒழுங்கு செய்தால் சொற்களுக்கிடையே ஒரு வரியில் பெரிய இடைவெளியும் அடுத்த வரியில் சிறிய இடைவெளியும் விழுந்து பிள்ளையின் கண் தடுமாறுகிறது. ஒரு சொல் வரியின் ஓரத்தில் பாதியாக உடைந்து அடுத்த வரிக்குப் போகவே கூடாது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு யாராவது தந்து, திறந்தவுடன் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பித் தெரிந்தால் மாற்றிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். இவ்வளவு சிறிய பத்தியைப் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவானது.

பதிவு செய்வது

கைபேசியோடு வரும் ஒலிப்பதிவுச் செயலியே போதும். வாட்ஸ்அப் குரல்பதிவில் செய்யாதீர்கள். விரல் தவறினால் பிள்ளையின் குரல் யாருக்கோ போய்விடும். பெயர் மாற்றி அடுக்கி வைக்கவும் வசதியில்லை. தொடங்கும் முன் கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். பதிவின் நடுவில் அழைப்பு வந்து என்னுடைய இரண்டு பதிவுகள் பாதியிலேயே நின்றுவிட்டன. அந்தப் பிள்ளைகள் அதே பத்தியை மீண்டும் வாசித்தபோது முதல் முறை திணறிய இடங்களைச் சரளமாகக் கடந்தார்கள். அது புதிய பத்தி என்ற தகுதியை இழந்துவிட்டது.

மைக் வைத்த கம்பி இயர்போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மைக் இருக்கும் பகுதியைப் பிள்ளையின் சட்டைக் காலரில் துணி மாட்டும் கிளிப்பால் பொருத்தினால், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தாலும் இந்தக் குரல் தெளிவாகக் கேட்கும். விலை உயர்ந்த மைக் எதுவும் தேவையில்லை. நான் வராந்தாவின் கடைசித் தூணருகே பாய் விரித்து, பிள்ளையோடு நானும் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். மேசைக்கு எதிரே நிற்க வைத்தால் தேர்வு என்று பயந்து குரலே எழுவதில்லை.

பதிவு தொடங்கியதும் நான் தேதியையும் பிள்ளையின் வரிசை எண்ணையும் சொல்வேன். பெயர் சொல்வதில்லை. பிறகு, "உனக்குப் பிடித்த வேகத்தில் படி. தெரியாத சொல் வந்தால் முயன்று பார், வரவில்லை என்றால் தாண்டிப் போ." அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆனதும் மேசைமணியை மெல்லத் தட்டுவேன். படித்துக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடிக்க விடுவேன். பதிவில் மணியோசை கேட்கும் இடம்தான் என் கணக்குக்கு எல்லை. நாளுக்கு மூன்று பேர். ஒன்பது பள்ளி நாட்களில் 27 பேரும் முடிந்துவிடுவார்கள்.

எண்ணுவது: நான் தவறிய இடம்

அடிப்படை எழுத்தறிவுக்காக ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில், மூன்றாம் வகுப்பு முடிவில் ஒரு பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்ற இலக்கு இருக்கிறது. அதனால் நானும் சொற்களைத்தான் எண்ணினேன். இரண்டாம் சுற்றில் வேறு பத்தி தந்தபோது ஏறத்தாழ வகுப்பு முழுவதுமே பின்னுக்குப் போயிருந்தது. பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து எவ்வளவு கலங்கினேன் என்று சொல்லி முடியாது. இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

"ஆடு புல் தின்றது." இதில் மூன்று சொற்கள், எட்டு எழுத்துகள். "அவன் படித்துக்கொண்டிருந்தான்." இதில் இரண்டே சொற்கள், ஆனால் பதினைந்து எழுத்துகள். சொற்களை எண்ணினால் முதல் வாக்கியத்தை வாசித்த பிள்ளைக்குத்தான் அதிக மதிப்பெண். தமிழில் ஒரு சொல் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும் என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் எண்ணும்போது அது எனக்குத் தோன்றவில்லை. ஒன்றிய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளில் நடந்தது. வாசிப்புக்கான அளவுகோலை ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகத்தான் வகுத்தார்கள். ஒரு மொழிக்குள்ளேயே இரண்டு பத்திகளுக்கு இவ்வளவு வித்தியாசம் வரும்போது அது நியாயம்தான்.

ஆகவே எழுத்தை எண்ணுங்கள். மெய்யெழுத்தையும் ஓர் எழுத்தாகவே எண்ணுகிறேன். பிள்ளை அந்தப் புள்ளியையும் பார்த்துத்தானே வாசிக்க வேண்டும். மேலே வரியோரத்தில் நான் போட்டிருக்கும் எண், அந்த வரி முடியும்வரை வந்த எழுத்துகளின் கூட்டுத்தொகை. மணியடித்தபோது பிள்ளை எந்த எழுத்தில் இருந்தாள் என்று பார்த்து, முந்தைய வரியின் எண்ணோடு கூட்டிக்கொண்டால் போதும். 118-ஆவது எழுத்தில் மணியடித்து 9 எழுத்துகளில் பிழை என்றால், நிமிடத்துக்கு 109 சரியான எழுத்துகள்.

இந்த எண்ணிக்கையைக் கணினியிடம் கொடுக்காதீர்கள். நான் எக்செல்லில் நீளம் காணும் சூத்திரத்தைப் போட்டேன். "படித்துக்கொண்டிருந்தான்" என்பதற்கு 23 என்று காட்டியது. நமக்கு அது பன்னிரண்டு எழுத்து: ப, டி, த், து, க், கொ, ண், டி, ரு, ந், தா, ன். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் "டி" என்பது ட என்ற எழுத்தும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. "த்" என்பதும் த-வும் புள்ளியுமாக இரண்டு. குறியில்லாத "ப" மட்டும்தான் ஒன்று. இன்னொரு சிக்கலும் உண்டு: "கொ"வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் பிரிந்து கிடந்தால் அதே சொல்லுக்கு 24 என்று வரும். பென்சிலை எடுத்து ஒரு முறை கையால் எண்ணிவிடுங்கள். ஒரு பத்திக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆண்டு முழுவதும் அந்தத் தாள் பயன்படும்.

கேட்டுக் குறிப்பது

பத்தியின் நகல் ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுத்து, பதிவை இரண்டு முறை கேட்கிறேன். முதல் முறை பேனா தொடாமல். இரண்டாம் முறை, விட்ட எழுத்தின்மேல் கோடு, மாற்றி வாசித்த எழுத்தின்மேல் வாசித்த ஒலி, தானே திருத்திக்கொண்டால் சிறிய வட்டம். வட்டத்தைப் பிழையில் சேர்ப்பதில்லை. தன் தவறைத் தானே பிடிக்கும் பிள்ளை நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளை.

எதைப் பிழை என்பது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. "இருக்கிறது" என்று அச்சில் இருப்பதைப் பிள்ளை "இருக்கு" என்று வாசித்தால் அது எழுத்துப் பிழையன்று. கண் அச்சைப் பார்த்தது, மனம் பொருளைப் பிடித்தது, வாய் வீட்டு மொழியில் சொன்னது. அதற்குத் தனிக் குறி போடுகிறேன், எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. "மழை"யை "மளை" என்று வாசித்தாலும் அப்படித்தான், அந்தப் பிள்ளை பேசும்போதும் "மளை" என்றே சொன்னால். உச்சரிப்பைத் தனியே சொல்லிக் கொடுப்போம். வாசிப்புக் கணக்கில் அதற்காகக் குறைப்பது அந்தக் குடும்பத்தின் பேச்சைத் தண்டிப்பதாகும். ஆனால் "குடை"யைக் "கூடை" என்று வாசித்தால் அது பிழைதான், பொருளே மாறிவிட்டது.

இனி, இந்த உழைப்புக்கெல்லாம் பலன் கிடைத்த இடம். ஒரு சிறுமியின் தாளில் "பொன்னி"யின் மேல் "பெ" என்று எழுதியிருந்தேன். "கொட்டில்" மேல் "கெ". கீழே "தொட்டி"யின் மேல் "தெ". வகுப்பில் அவள் வாசித்தபோதெல்லாம் பொதுவாகத் தடுமாறுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். தாளைப் பார்த்தால் அவளிடம் இருந்தது ஒரே ஒரு சிக்கல்: கொம்பைப் பார்த்ததும் எகர ஒலியை முடிவு செய்துவிடுகிறாள், எழுத்துக்குப் பின்னால் வரும் காலைப் பார்ப்பதில்லை. கொம்பையும் காலையும் சிவப்பிலும் நடு எழுத்தைக் கறுப்பிலும் எழுதி இருபது அட்டைகள் செய்தேன். அட்டையைக் காட்டியதும் முதலில் வலப்பக்கம் காலைத் தொட வேண்டும், பிறகுதான் வாசிக்க வேண்டும். அடுத்த பதிவில் "பொம்மை" வந்த இடத்தில் ஒரு கணம் மௌனம், பிறகு தெளிவாக "பொம்மை". அந்த மௌனத்தைப் பலமுறை ஓடவிட்டுக் கேட்டேன்.

குரலைக் கேட்டுத் தானே திருத்தும் செயலிகளும் இருக்கின்றன. 2019-இல் கூகுள் போலோ என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டு, பிறகு ரீட் அலாங் என்று பெயர் மாற்றிய செயலி அவற்றுள் ஒன்று. அதில் தமிழும் உண்டு. வீட்டில் கைபேசி இருக்கும் பிள்ளைகள் பழகிக்கொள்ள நல்லது. ஆனால் யாருக்குக் கால் எழுத்து தெரியவில்லை என்று அறிவதற்கு நான் என் காதைத்தான் நம்புகிறேன்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்ட கேள்விகளுக்காக மூன்று விஷயங்களைச் சேர்க்கிறேன்.

ஓராசிரியர் பள்ளியில் மற்ற பிள்ளைகளை என்ன செய்வது என்று ஒரு ஆசிரியை கேட்டிருந்தார். நான் மதிய உணவு முடிந்த பிறகு வரும் பத்து நிமிடத்தைப் பயன்படுத்துகிறேன். அந்த நேரம் மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகக் கதை அட்டை வாசிப்பார்கள். ஓராசிரியர் பள்ளியில் நாளுக்கு ஒரே ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்குள் முடியும்.

பதிவுகளைப் பெற்றோர் குழுவில் போடலாமா என்று இன்னொருவர் கேட்டார். போடாதீர்கள். திணறி வாசிக்கும் ஒரு பிள்ளையின் குரலை ஊரே கேட்க வேண்டியதில்லை. பெற்றோர் பள்ளிக்கு வரும்போது அவர்களுடைய பிள்ளையின் பதிவை மட்டும் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். சுற்று முடிந்து தாள்களைக் குறித்ததும், பிள்ளைவாரியாக முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுகிறேன். கைபேசியில் இடமும் மிஞ்சுகிறது.

மூன்றாவது கேள்வியால் நானும் முறையை மாற்றிக்கொண்டேன். பிள்ளைக்கு அவள் குரலைக் கேட்க வைப்பதுண்டா என்று கேட்டிருந்தார்கள். அதுவரை செய்ததில்லை. கொம்பும் காலும் கற்ற அந்தச் சிறுமியிடம் இயர்போனைக் கொடுத்து, ஜூலை மாதப் பதிவைப் போட்டேன். தாளில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே போனவள் "கெட்டில்" வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "டீச்சர், இங்கே கால் இருக்கிறது," என்று சொல்லி, நான் கேட்காமலேயே பென்சிலை எடுத்து அந்தக் காலைச் சுற்றி வட்டம் போட்டாள். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் கடைசி ஐந்து நிமிடம் பிள்ளைக்குத்தான்: பழைய பதிவு, ஒரு தாள், ஒரு பென்சில்.