கினபாலு உச்சி ஏறுவது எப்படி? முதன்முறை ஏறுவோருக்கு

மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபாலு பூங்காவில் இருக்கும் கினபாலு மலையின் உச்சியான லோஸ் பீக்கின் உயரம் 4,095 மீட்டர். பாறையேற்றப் பயிற்சி தேவையில்லை. ஆனால் முதல் நாள் அவசரப்பட்டவருக்கு இரண்டாம் நாள் உச்சி எட்டாமல் போகலாம்.

பதிவும் பயிற்சியும்

மலையில் படுக்கை கிடைத்தால்தான் ஏற அனுமதி. இடங்கள் குறைவு என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். வழிகாட்டி கட்டாயம். இரண்டு மாதம் முன்பிருந்தே, வாரம் மூன்று நாள், பை சுமந்து மாடிப்படி ஏறி இறங்குங்கள். லிஃப்டில் இறங்கினால் பாதிப் பயிற்சிதான். முட்டிக்குச் சோதனையே இறக்கத்தில்தான்.

பையில்

மழைக்கோட்டு, கதகதப்பான ஜாக்கெட், ஒன்றரை லிட்டர் தண்ணீர், நொறுக்குத்தீனி, மாற்று பேட்டரியுடன் தலைவிளக்கு (குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்). உள்ளங்கையில் ரப்பர் பிடிப்புள்ள கையுறை வாங்குங்கள். கம்பளிக் கையுறை நனைந்தால் கயிற்றில் வழுக்கும். வழியில் உள்ள ஓய்வுக் குடில்களின் தொட்டித் தண்ணீர் சுத்திகரிக்கப்படாதது. அதில் சுத்திகரிப்பு மாத்திரை போட்டுக் குடியுங்கள்.

முதல் நாள்

முந்தைய இரவைப் பூங்கா வாசலருகே கழிப்பது நல்லது. கடற்கரை நகரிலிருந்து நேரே வந்து ஏறுவதைவிட உடல் உயரத்துக்குக் கொஞ்சமாவது பழகும்.

ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில். அங்கிருந்து 6 கிலோமீட்டர் நடந்தால் இரவு தங்கும் இடமான லபான் ராத்தா, 3,272 மீட்டர். ஏறக்குறைய முழுவதும் படிகள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் குறைத்துவிடுங்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகட்டும், பரவாயில்லை. மதியத்துக்கு மேல் மழை பிடிக்கும் மலை இது, அதனால் காலையிலேயே கிளம்புங்கள்.

இரவில் லேசான தலைவலி வரலாம். வாந்தி, தள்ளாட்டம், படுத்திருந்தாலும் மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தால் வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான். உயர நோய்க்கான மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் நாள்

அதிகாலை இரண்டரை மணி வாக்கில் புறப்பாடு. மீதி 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் உச்சியருகே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதமே. மரங்கள் வளரும் எல்லை முடிந்ததும் கருங்கல் சரிவு, தடித்த வெள்ளைக் கயிறு. கயிறு தொடங்கும் இடத்தில் ஊன்றுகோலை மடித்துப் பைக்குள் வையுங்கள். கயிற்றில் தொங்காதீர்கள்; எடை காலில், சமநிலைக்கு மட்டும் கை. சாயாட்-சாயாட் சோதனைச்சாவடியில், ஏறுவோருக்குத் தரப்படும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், தாமதமாகப் போனால் மேலே விடமாட்டார்கள். பெருமழையானால் பாறை வழுக்கும் என்று வழியையே மூடிவிடுவார்கள். கெஞ்சிப் பயனில்லை.

விடியலுக்கு வெகு முன்பே உச்சியில் நிற்பதில் லாபமில்லை. வியர்வை காற்றில் குளிர்ந்து உடம்பு நடுங்கும், வெப்பநிலை உறைநிலையைத் தொடக்கூடும். உலர்ந்த ஜாக்கெட்டை அங்கே போடத்தான் வைத்திருக்கிறீர்கள்.

அன்றே 8.7 கிலோமீட்டரும் இறங்க வேண்டும். ஊன்றுகோலைக் கொஞ்சம் நீட்டி, குட்டி அடிகளாக வையுங்கள். கணுக்காலருகே ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கால் முன்னே சரிந்து பெருவிரல் நகம் கறுத்துவிடும். மறுநாளுக்கு விமானச் சீட்டு எடுத்தால், படிக்கட்டு இல்லாத விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள்.