அயர்லாந்துக் கவிதையை வரப்புத் தகராறிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

ஆங்கில இலக்கியம் படித்தவர்களே அயர்லாந்துக் கவிஞர்களை இங்கிலாந்துக்காரர்களோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுகிறார்கள், யேட்ஸ் என்ற ஒரே அயர்லாந்துக் கவிஞரோடு கதை முடிந்தது. அப்படித் தொடங்கவே வேண்டாம். காலனியம், அடையாளம் என்று விளக்கும் கட்டுரைகளையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

முதலில் பேட்ரிக் கவனாவின் 'எபிக்' கவிதையை எடுங்கள். 14 வரிதான். அரை ரூட் பாறை நிலம் யாருக்கு என்று இரண்டு குடும்பங்கள் சண்டை போடுகின்றன. அரை ரூட் என்பது நம் கணக்கில் 12.5 சென்ட். ஒரு கிழவர் சட்டையைக் கழற்றிவிட்டு நிலத்துக்குள் இறங்குகிறார். அது 1938, ஹிட்லருக்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் பற்றித்தான் ஐரோப்பாவே பேசிக்கொண்டிருக்கிறது. எது பெரிய விஷயம் என்று கவிஞருக்கே சந்தேகம் வரும்போது பழைய கிரேக்கக் கவி ஹோமரின் ஆவி வந்து, இப்படி ஒரு ஊர்ச்சண்டையை வைத்துத்தான் நான் இலியட் காவியம் பாடினேன் என்று காதில் சொல்லிப் போகிறது. காங்கயம், தாராபுரம் பக்கம் தடத் தகராறும் கிணற்றுப் பங்கும் கோர்ட் வரை போனதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு அடிக்குறிப்பே தேவையில்லை. ஊர்ப் பெயர்களைத் தேடி உடனே மேப்பைத் திறக்காதீர்கள், அது இரண்டாம் வாசிப்புக்கு.

கவனா அயர்லாந்தின் மொனகன் பகுதி விவசாயி. தலைநகரம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தன் கண்ணையே நம்புகிறவன் ஒரு ரகம், தன் ஊரின் மதிப்பில் சந்தேகமே இல்லாதவன் இன்னொரு ரகம் என்று பிரித்தவர் அவர். இந்தப் பிரிவினையைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் படியுங்கள், நம்மூர் எழுத்தையும் சேர்த்து.

அப்புறம் ஷேமஸ் ஹீனி. 1922-ல் தெற்கில் தனி அரசு வந்தபோது பிரிட்டனோடு நின்றுவிட்ட வடக்கில், 1939-ல் பிறந்தவர். 'டிக்கிங்' கவிதையில் அப்பா உருளைக்கிழங்கு தோண்டுகிறார், தாத்தா அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்துக் கரிமண்ணை வெட்டுகிறார், பேனா பிடித்த மகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். 1982-ல் வந்த பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்பு ஒன்று அவரையும் சேர்த்துக்கொண்டபோது, என் பாஸ்போர்ட் பச்சை, அதாவது நான் அயர்லாந்துக்காரன் என்று அடுத்த வருடம் செய்யுளிலேயே பதில் எழுதினார். ஆனால் அவருடைய பதிப்பகம் லண்டனில்தான் இருந்தது. அதை முரண்பாடு என்று பிடித்துக் கொடுக்க அவசரப்படாதீர்கள், கவிதையின் சூடே அங்கேதான் இருக்கிறது.

ஈவன் போலண்டின் 'குவாரன்டைன்' கவிதையை மெதுவாகப் படியுங்கள். 1847-ல், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கணவனும் மனைவியும் வடக்கே நடக்கிறார்கள், காலையில் இருவரும் பிணம். அவள் பாதங்கள் அவன் நெஞ்செலும்போடு அணைந்திருக்கின்றன, அவன் உடம்பில் மிச்சமிருந்த சூடு அவளுக்குப் போக. அந்தப் பஞ்சத்திலும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்திலிருந்து தானியம் கப்பலேறியது. 1876-ல் தொடங்கிய நம் தாது வருஷப் பஞ்சத்திலும் அதே கதைதான். அதற்காக இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம், அதே பிரிட்டிஷ் பேரரசுக்கு இந்தியாவில் சிப்பாயாகவும் அதிகாரியாகவும் வந்தவர்களில் அயர்லாந்துக்காரர்களும் உண்டு.

கடைசியாக நூலா நீ கோனல் (Nuala Ní Dhomhnaill) என்ற பெண் கவிஞர். பிறந்தது இங்கிலாந்தில், எழுதுவது ஐரிஷ் மொழியில். 1990-ல் வந்த 'ஃபேரோஸ் டாட்டர்' தொகுப்பில் மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும், மொழிபெயர்த்தவர்கள் எல்லாம் சக கவிஞர்கள். ஐரிஷ் தெரியாவிட்டாலும் இணையத்தில் அவர் வாசிப்பதைத் தேடிக் கேளுங்கள்.

இவ்வளவும் முடிந்தால் உங்கள் ஊர்த் தகராறு ஒன்றை 14 வரியில் எழுதிப் பாருங்கள். 'உலகம்' என்ற சொல் மட்டும் வரக் கூடாது.