குடவோலைக் கல்வெட்டை எட்டாம் வகுப்பில் சான்றாக வாசிக்க வைக்கும் முறை

ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த முறையே குடவோலை. அதன் விதிகள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இருக்கின்றன. உத்திரமேரூர் என்றதும் "சோழர் காலத்திலேயே மக்களாட்சி" என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அது கல்வெட்டின் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். அந்த வரியை அவர்களே தேடிப் பார்க்க 45 நிமிடப் பாடவேளை இரண்டு போதும்.

தேவை: இரண்டு குடம், 15 தாள் சீட்டு, நீலம், சிவப்புப் பென்சில்கள், 10 ஆள் அட்டைகள். புரொஜெக்டர் வேண்டாம். கல்வெட்டுப் படத்தைக் காட்டினால் வேடிக்கை பார்ப்பார்கள், வாசகத்துக்கு வரமாட்டார்கள்.

படி 1. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 921) விதிகளை எட்டே வரியில், எளிய தமிழில் நகலெடுத்துக் கொடுங்கள்: வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது.

இரண்டு சொற்களை முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். 'குடும்பு' என்றால் ஊரின் ஒரு பிரிவு, பிள்ளைகள் அதைக் குடும்பம் என்றே படிப்பார்கள். 'வேலி' இங்கே நில அளவு, முள்வேலி அல்ல. இதை விட்டால் பாதி வகுப்பு வேறெங்கோ போய்விடும்.

படி 2. கல்வெட்டு சொல்வது நீலம், நாம் சேர்ப்பது சிவப்பு. பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "மக்கள் வாக்களித்தார்கள்" என்று நீலத்தில் எழுதி வருவார்கள். உடனே திருத்தாதீர்கள். "எந்த வரி?" என்று மட்டும் கேளுங்கள். தேடித் தேடி, அங்கே நடந்தது வாக்கு அல்ல, சீட்டுக் குலுக்கல் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். 'ஜனநாயகம்' என்ற சொல்லை ஆசிரியர் முதலில் சொல்லிவிட்டால் இந்தப் படியே வீண்.

படி 3. குழுவுக்கு ஓர் அட்டை: குயவர், நிலமில்லாக் கூலியாள், 29 வயது வேதம் கற்றவர், கணக்குக் காட்டாதவரின் மாமன் மகன், நிலமுள்ள விதவை... இவர் நிற்கலாமா? காரணத்தோடு வரியைக் காட்ட வேண்டும். பத்தில் இருவராவது தேறும்படி எழுதுங்கள். ஒருவரும் தேறாவிட்டால் "எல்லாம் பொய்" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். கணக்கு விதியின் கடுமையும் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

படி 4. மூன்று குடும்பு, குடும்புக்கு ஐந்து சீட்டு, ஒவ்வொரு குடும்பும் தனிக் கட்டு. சிறு பிள்ளை ஒருவர் முதல் குடத்திலிருந்து ஒரு கட்டை எடுத்து இரண்டாம் குடத்தில் பிரித்துப் போட்டுக் குலுக்கி, ஒரு சீட்டு எடுக்கட்டும். மத்தியஸ்தர் (நடுவர்) ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிக்க வேண்டும், கல்வெட்டிலும் அப்படித்தான். ஏன் விரலை விரிக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். கைக்குள் ஓலையை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஆனால் அது சிவப்பு.

பின்சேர்க்கை: 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை. எது சரி என்ற குழப்பம் பலருக்கு வருகிறது. இரண்டும் சரி, இரண்டே ஆண்டில் விதி மாறியிருக்கிறது. இதையே வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்: ஏன் மாற்றினார்கள்? தீயோர் கெட்டு நல்லோர் தழைக்க என்று இரண்டாவது கல்வெட்டு சொல்வது மட்டும் நீலம். மீதி எல்லாம் சிவப்பில் வரட்டும்.