கண்டாங்கி நெசவும் கோலப்பொடியும்: கை வைத்தால் நெருடுகிற ஒரு ஜர்னல் பக்கம்

பகலெல்லாம் காரைக்குடியில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். அங்கேயும் ஜர்னல்தான், பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டில் நான் திறப்பது ஆர்ட் ஜர்னல், அதாவது ஒட்டியும் பூசியும் பக்கம் பக்கமாகச் செய்கிற நோட்டு. அதில் சாயம், பசை, நூல், கோலப்பொடி என்று எல்லாம் கலந்து கிடக்கும், ஐந்தொகை மட்டும் கிடையாது. அதில் ஒரு பக்கத்தை எப்படிச் செய்கிறேன் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கும் யானை வரைந்தால் பன்றி மாதிரிதான் வரும்.

முதலில் ஒரு சங்கதி. ஆர்ட் ஜர்னல் என்பது புத்தகம். புத்தகம் என்றால் மூட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் சிப்பி, பொத்தான், மணி, கயிறு என்று கண்டதையும் ஒட்டி, நாலாவது பக்கத்திலேயே நோட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சாமி அறையில் ரவி வர்மா அச்சுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். லட்சுமிக்கு நிஜத் துணியில் புடவை, ஜரிகை, ஜிகினா எல்லாம் ஒட்டி அலங்கரித்திருப்பார்கள். 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு சாமி படம் வந்தது. வந்த படத்தை அப்படியே மாட்டாமல் ஊசியும் பசையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான் இந்தக் கலையில் நமக்கு முன்னோடிகள். ஆனால் அந்தப் படத்துக்குச் சட்டமும் கண்ணாடியும் உண்டு, துணி உப்பிக்கொண்டு நிற்க இடம் உண்டு. நம் பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால் என் அளவு ஒரு ரூபாய் நாணயம். நாணயத்தின் கனத்தைத் தாண்டி எதுவும் பக்கத்தில் எழும்பக் கூடாது. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவை வைத்துத்தான் சொல்கிறேன்.

சரி, நெருடலை எங்கே தேடுவது? வேடிக்கை என்னவென்றால், செட்டிநாட்டு வீட்டில் பேர் பெற்றதெல்லாம் வழவழப்பு. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்த சுவரில் கை வழுக்கும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். கண்ணாடியைக் கீழே வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. கண்ணாடி பட்ட முகம் கண்ணாடி மாதிரிதானே இருக்கும்? இது தெரியாமல் நான் பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், தரைமேல் தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்து அரை மணி நேரம் தேய்த்தேன். பூ வரவில்லை, தாள் முழுக்கச் சாம்பல் நிறம்தான் வந்தது. தரையிலிருந்து வடிவத்தை மட்டும் எடுக்கலாம், நெருடலை எடுக்க முடியாது. நெருடல் வேண்டுமென்றால் கொட்டான் என்கிற ஓலைக்கூடையின் பின்னல், கண்டாங்கிப் புடவையின் நெசவு, கதவுச் செதுக்கல், தேங்காய் நார், இவற்றிடம் போக வேண்டும்.

இனி நோட்டு. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாளில் தைத்த நோட்டு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நான் கடையில் மீந்துபோகும் கெட்டி அட்டைக் கணக்கு நோட்டைத்தான் பயன்படுத்துகிறேன். அதன் தாள் மெலிசு, ஈரம் தாங்காது. மூன்று தாள்களை ஃபெவிகாலால் ஒன்றாக ஒட்டி ஒரே பக்கமாக்கிக்கொள்வேன். பசையைப் பழைய ஏடிஎம் கார்டால் மெலிசாக இழுக்க வேண்டும், ஊற்றினால் சுருங்கும். அப்புறம், ஒட்டிய ஒவ்வொரு பக்கத்துக்கும் அடுத்த இரண்டு தாள்களை வெட்டி எடுத்துவிடுங்கள், முதுகில் இடம் கிடைக்கும். ஒட்ட வெட்டாதீர்கள், அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். தையல் நோட்டில் ஒரு தாளை முழுசாக உருவினால் அதன் ஜோடித் தாளும் கையோடு வந்துவிடும்.

பக்கம் காய்ந்ததும் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு ஒரு தடவை. ஜெஸ்ஸோ இல்லையென்றால் வெள்ளை அக்ரிலிக் சாயத்தோடு கொஞ்சம் சாக்பீஸ் பொடி கலந்தால் போதும். ஈரமாக இருக்கும்போதே, எழுதப்போகும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, தேங்காய் நாரால் குறுக்கும் நெடுக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவேன். செலவில்லாத முதல் நெருடல் அதுதான். பின்னால் சாயம் பூசும்போது அந்தக் கீறல்களில் நிறம் போய் உட்காரும்.

இப்போது எழுத இடம் ஒதுக்க வேண்டும். சொரசொரப்பான இடத்தில் பேனா ஓடாது, முள் மாட்டிக்கொள்ளும். நார் படாமல் விட்ட இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். கடைசியில் பிரித்தால் வழவழவென்று ஒரு ஜன்னல் கிடைக்கும். அதே டேப்பால் முதுகுப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் மூடுங்கள். பக்கம் மடங்கும் இடம் அது, அங்கே எது பூசினாலும் வெடிக்கும்.

அடுத்தது பழைய எழுத்து. எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பேரேடு உண்டு. மேலே ‘உ’, அதன் கீழே ‘சிவமயம்’, அப்புறம் தமிழ் எண்களில் கணக்கு. அதைக் கிழித்து ஒட்டலாமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபமே வரும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பேரேட்டையும் கிழிக்காதீர்கள். ஜெராக்ஸ் எடுங்கள், அதுதான் வேலைக்கும் நல்லது. பழைய மை ஈரம் பட்டால் பரவும். லேசர் அச்சின் டோனர் நீரில் கரையாது. இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம், பசை பட்டதும் ஊதா நிறக் குளமாகிவிடும்.

ஜெராக்ஸைக் கிழித்து ஒட்டுவது சுலபம். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், நார் நாராகப் பிரிந்த ஓரம் கீழே உள்ள தாளோடு சேர்ந்துவிடும். ஆனால் எனக்குப் பிடித்தது, எழுத்தை மட்டும் பக்கத்துக்கு மாற்றுவது. பக்கத்தில் அக்ரிலிக் மீடியத்தை, அதாவது நிறம் சேர்க்காத அக்ரிலிக் பூச்சை, மெலிசாகப் பூசி, ஜெராக்ஸை முகம் கீழே இருக்கும்படி அழுத்தி, ஒரு பாட்டிலை மேலே உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். ராத்திரி முழுக்கக் காயட்டும். காலையில் ஈரப் பஞ்சால் ஒற்றி, விரலால் வட்டமாகத் தேய்த்தால் தாள் திரித்திரியாக உருண்டு வரும், எழுத்து மட்டும் தங்கும். ஒரே தடவையில் எடுக்கப் பார்க்காதீர்கள். தேய்க்க வேண்டும், காய விட வேண்டும், வெள்ளை படர்ந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். மூன்று தடவையாவது ஆகும். மீடியத்துக்குப் பதில் ஃபெவிகாலிலும் வரும். ஆனால் தண்ணீர் கூடினால் பசையே இளகி, எழுத்தும் விரலோடு வந்துவிடும்.

ஒன்று மறந்துபோனேன், நீங்கள் மறக்க வேண்டாம். எழுத்து இடம் வலமாகத் திரும்பி விழும். என் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியே திரும்பிக்கொண்டது. அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏண்டி ஆத்தா, பிள்ளையார் யார்மேல கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்திருக்காரு?” என்றார்கள். ஜெராக்ஸ் கடையிலேயே ‘மிரர் பிரிண்ட்’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி, நெருடலைப் பதிக்கிற விழுது. கடையில் மாடலிங் பேஸ்ட், டெக்ஸ்சர் பேஸ்ட் என்று டப்பாவில் விற்கிறார்கள், நன்றாகவே இருக்கும். நான் வீட்டில் கலப்பது: டீ வடிகட்டியில் சலித்த கோலப்பொடி 3 கரண்டி, ஃபெவிகால் 1 கரண்டி, வெள்ளை அக்ரிலிக் 1 கரண்டி, தேவைப்பட்டால் சில சொட்டுத் தண்ணீர். இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும், கரண்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. பொடி அதிகமானால் வெடிக்கும், ஃபெவிகால் அதிகமானால் ரப்பர் மாதிரி ஆகும். புத்தகத்துக்குக் கொஞ்சம் ரப்பர்தனம் இருப்பதே நல்லது, பக்கம் வளையும்போது தாங்கும்.

கோலப்பொடி என்றால் கடையில் விற்கும் கல்லுப்பொடி. முதல் தடவை அப்பத்தா பேச்சைக் கேட்டு அரிசி மாவைப் போட்டேன். கோலம் என்றால் அரிசி மாவுதான், எறும்பு தின்ன வேண்டும் என்பது அப்பத்தாவின் கட்சி. வாசலுக்கு அது சரி. என் பக்கத்தையும் எறும்பு தின்றது. மழைக்காலத்தில் மீதியில் பூஞ்சை பூத்தது. மைதாப் பசையும் இந்த ரகம்தான். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமல் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டில் குழந்தை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விழுதைப் பக்கத்தின் கீழ்ப் பாதியில் மட்டும் கார்டால் இழுங்கள், முழுப் பக்கமும் வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்தால் மேலே இருந்த மினுமினுப்பு மங்கும். அதுதான் சமயம். முந்தினால் துணி ஒட்டும், பிந்தினால் பதியாது. கிழிந்த கண்டாங்கித் துண்டை நனைத்துப் பிழிந்து, விழுதின்மேல் விரித்து, உள்ளங்கையால் அழுத்தி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை, அதைக் கத்தரிப்பதற்கு எனக்கும் மனசு வராது. கத்தரிக்கவே வேண்டாம். துணி கனம் சேர்க்காமல் நெசவை மட்டும் விட்டுவிட்டு எழுந்துவிடும். பாவும் ஊடும் ஒன்றை ஒன்று ஏறி இறங்குவது பொட்டுப் பொட்டாகத் தெரியும். கட்டம் மாறும் இடத்தில் பொட்டின் நெருக்கம் மாறும். என் துண்டில் ஒரு இழை அறுந்திருந்தது, அதுகூட முடி ஒன்று விழுந்துகிடக்கிற மாதிரி பதிந்தது. துணியை அந்த நிமிஷமே அலசிவிடுங்கள்.

கொட்டானின் அடியையும் இப்படிப் பதிக்கலாம். ஓலை விழுதில் மாட்டிக்கொள்ளும் என்பதால் நடுவில் மெலிசான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

மேல் பாதிக்கு ஆத்தங்குடிப் பூ. பட்டர் பேப்பரைத் தரையில் வைத்துப் பூவைப் படியெடுத்து, சிறிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வைத்து வெட்டினேன். இதைவிட நல்ல ஸ்டென்சில் காசுக்குக் கிடைக்காது. வளையும், ஊறாது, கழுவலாம். அப்பச்சியின் முழங்கால் எக்ஸ்ரே இப்போது எட்டு இதழ்ப் பூ. ஸ்டென்சிலை டேப்பால் பிடித்து, விழுதை ஒரே திசையில் வழித்து, பக்கவாட்டில் நகர்த்தாமல் நேர் மேலே தூக்குங்கள். ஓரம் கொஞ்சம் உடைந்தால் விட்டுவிடுங்கள், எங்கள் தரையிலும் எல்லாப் பூவும் முழுசாக இல்லை.

காய்வதற்கு நிழல் போதும். சித்திரை மாதத்தில் மூன்று மணி நேரம், ஐப்பசியில் ஒரு ராத்திரி. வெயிலில் வைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும், பிறகு வெடிக்கும்.

சாயம் பூசுமுன் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பூச்சு. கல்லுப்பொடி சாயத்தைக் குடித்துவிடும், பூசியதைத் துடைக்க முடியாது. அது காய்ந்த பின், அரக்கும் கருப்பும் கலந்து தண்ணியாக்கிப் பக்கம் முழுக்கப் பூசி, ஈரத் துணியால் உடனே துடையுங்கள். பள்ளத்தில் நிறம் தங்கும், மேடு வெளுக்கும், நெசவு கண்ணுக்கு எழுந்து வரும். பிறகு, ஏறக்குறைய காய்ந்த தூரிகையில் கடுகு மஞ்சளைத் தொட்டு மேடுகளை மட்டும் லேசாகத் தடவ வேண்டும். அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு, கண்டாங்கியின் இந்த மூன்றைத் தாண்டி நான் போவதில்லை. நாலாவது நிறம் வந்தால் பக்கம் சந்தைக் கடை ஆகிவிடும். மஞ்சள்தூளைக் கரைத்துப் பூசலாமே என்று தோன்றும். வெயில் பட்டால் வெளுக்கும், சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு அழகு, நோட்டுக்கு வேண்டாம்.

நூல் வேண்டுமென்றால் ஒரே ஒரு வரிசை. புடவைக் கரையிலிருந்து உருவிய இழை போதும். பக்கத்துக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, முதலில் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, அப்புறம் ஓட்டுத் தையல் போடுங்கள். பின்னால் முடிச்சுப் போடாதீர்கள், அந்த முடிச்சு எதிர்ப் பக்கத்தில் கொப்புளமாக எழும்பும். நுனியை டேப்பால் ஒட்டினால் போதும்.

டேப்பைப் பிரித்து, ஜன்னலில் எழுத வேண்டியதை எழுதுங்கள். நான் தேதியும், அன்றைக்கு அப்பத்தா சொன்னது ஏதாவது ஒன்றும் எழுதுவேன்.

கடைசி வேலையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அக்ரிலிக்கும் ஃபெவிகாலும் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் நம் ஊர் வெக்கையில் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். வெள்ளை மெழுகுவர்த்தியைப் பக்கம் முழுக்க லேசாகத் தேய்த்து, மெல்லிய பருத்தித் துணியால் மினுக்குங்கள். எழுதி முடித்த பிறகுதான் மெழுகு, அதன்மேல் பேனா பிடிக்காது. நடுவில் பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள். அந்தத் தாளைக் குப்பை என்று நினைத்து யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்பச்சி அதை எடுத்து முறுக்கு மடிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். மே மாதம் நோட்டைத் திறந்தபோது ஆத்தங்குடிப் பூவில் மூன்று இதழ் எதிர்ப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை அந்த மூன்று இதழிலிருந்தே ஆரம்பித்தேன்.