டெக்னாலஜியும் பரிணாமத்துல சேருமா? வீட்டுல இருக்கிற பயறை வச்சே பசங்களுக்குப் புரியவைக்கிறது எப்படி

"ஃபோனையே பார்த்து பார்த்து இப்ப பொறக்குற குழந்தையெல்லாம் ஸ்கிரீனைத் தள்ளத் தெரிஞ்சே பொறக்குது, இதான் எவல்யூஷன்"னு சொல்றவங்களை எல்லாரும் பார்த்திருப்போம். "அடுத்த பரிணாமம் ஏஐ தான்"னு சொல்றவங்களும் இருக்காங்க, இன்னொரு பக்கம் "மெஷினுக்கும் பரிணாமத்துக்கும் சம்பந்தமே கிடையாது, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்"னு அடிச்சுப் பேசுறவங்களும் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் ரெண்டு பக்கமும் அவசரப்படுறாங்க. டெக்னாலஜிக்கு ஜீன் கிடையாது, அது குட்டி போடாது, ஆனா யார் குட்டி போடுவாங்க யார் போடமாட்டாங்கங்கிறதை அது மாத்த முடியும், பல தடவை மாத்தியும் இருக்கு. இதைப் பசங்களுக்கு (பெரியவங்களுக்கும்தான்) வாயால சொன்னா பாதிதான் போய்ச் சேரும், அதனால முதல்ல ஒரு விளையாட்டு, அப்புறம் நிஜக் கதைகள்னு போங்க.

தேவையானது ரொம்பக் கம்மி. பச்சைப்பயறு 20, கடலைப்பருப்பு 20, வெள்ளைக் கொண்டைக்கடலை 20, கையில கொஞ்சம் எக்ஸ்ட்ரா, ஒரு பச்சைக் கலர் துணி, அதுல சின்னச் சின்னதா பூ டிசைன் இருந்தா இன்னும் நல்லது, பழைய காட்டன் புடவை போதும். பயறை மூக்குல போட்டுக்கிற வயசுல குழந்தைங்க பக்கத்துல இருந்தா இதைப் பண்ணாதீங்க, எட்டு ஒன்பது வயசுக்கு மேல உள்ள பசங்களுக்குத்தான் இது.

துணியை விரிச்சு 60-ஐயும் கலந்து தூவுங்க. பசங்கதான் பறவை. திரும்பி நிக்கச் சொல்லி, "இப்ப"ன்னதும் திரும்பி கண்ணுல முதல்ல பட்டதை ஒண்ணொண்ணா எடுக்கணும், தேடித் தேடி எடுக்கக் கூடாது, மொத்தம் 30 எடுத்ததும் நிறுத்திடணும். துணியில மிச்சம் இருக்கிற 30-உம் தப்பிச்சது. தப்பிச்ச ஒவ்வொண்ணுக்கும் அதே ஜாதியில ஒரு குட்டி, அதாவது பச்சைப்பயறுக்குப் பச்சைப்பயறு, கடலைப்பருப்புக்குக் கடலைப்பருப்பு, மறுபடி 60 ஆயிடும். கலைச்சுவிட்டு திரும்ப ஆடுங்க. மூணு நாலு ரவுண்டுல துணி பூரா பெரும்பாலும் பச்சைப்பயறுதான் இருக்கும். நடுவுல கடலைப்பருப்பு ஏதாவது அதிர்ஷ்டத்துல தப்பிச்சு ரெண்டாகும், அதைத் தப்புன்னு திருத்தாதீங்க, நிஜத்துலயும் குருட்டு அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, முக்கியமா கூட்டம் சின்னதா இருக்கும்போது. ஒரு ரவுண்டுக்கு நடுவுல யார்கிட்டயும் சொல்லாம ஒரே ஒரு கருப்பு உளுந்தைப் போட்டுவிடுங்க, அதுதான் மியூட்டேஷன், அதாவது ஜீன்ல தற்செயலா வர்ற மாற்றம், அது எந்தத் தேவைக்காகவும் வரல, சும்மா வந்துச்சு, நின்னா நிக்கும் போனா போகும்.

இங்க நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்தப் பயறாவது கலர் மாறுச்சா?" மாறல. கொண்டைக்கடலை பயந்துபோய் பச்சையா ஆகல. மாறினது கூட்டத்துல யாரு எத்தனை பேருங்கிற கணக்கு மட்டும்தான். பரிணாமம்னா அவ்வளவுதான், பரம்பரையா வர்ற குணங்களோட விகிதம் ஒரு கூட்டத்துல தலைமுறை தலைமுறையா மாறுறது. தனி ஆள் வாழ்நாள்ல மாறுறது இதுல வராது. இது உள்ள போயிடுச்சுன்னா பாதிக் குழப்பம் அங்கயே தீர்ந்திடும், ஃபோன் தள்ளுற குழந்தை கதை உட்பட. ஏன்னா அந்தக் குழந்தை பார்த்துக் கத்துக்கிச்சு, கொண்டுவந்து பொறக்கல. தாத்தாவை விட பேரன் உயரமா இருக்கான்னு சொல்றதும் பெரும்பாலும் சாப்பாடும் ஆரோக்கியமும்தான், ஜீன் மாற்றம் இல்ல.

இப்பதான் டெக்னாலஜி வருது. மறுபடி 20, 20, 20-ஆ எடுத்துக்கோங்க, ஆனா இந்தத் தடவை கையால எடுக்க வேணாம், பச்சைப்பயறு விழுந்து கொண்டைக்கடலை நிக்கிற மாதிரி கண் உள்ள சல்லடையைக் கொண்டுவாங்க. சல்லடையில நின்னது மாட்டிக்கிச்சு, கீழ விழுந்தது தப்பிச்சது, தப்பிச்சதை ரெண்டாக்குங்க. இப்ப கலருக்கு மதிப்பே இல்ல, சைஸ்தான் எல்லாம். பயறு அதே பயறு, வீடு அதே வீடு, ஒரு கருவி உள்ள வந்ததும் எந்தக் குணம் உயிரைக் காப்பாத்தும்ங்கிறதே மாறிப்போச்சு. சல்லடை பரிணமிக்கல, சல்லடைக்குக் குட்டியும் இல்ல, ஆனா அது இல்லாம இந்தக் கூட்டம் ஏன் இப்படி ஆச்சுன்னு உங்களால விளக்க முடியாது. இந்த இடத்துல பசங்க கொஞ்ச நேரம் பேசாம சல்லடையையே பார்ப்பாங்க, அந்த நேரத்தைக் கெடுக்காதீங்க, நீங்களா விளக்கம் சொல்ல ஆரம்பிக்காம அவங்க சொல்றவரைக்கும் விடுங்க.

அப்புறம் நிஜக் கதை. நான் முதல்ல சொல்றது மொசாம்பிக்ல கொரங்கோசா நேஷனல் பார்க் யானைங்களைப் பத்தி. 1977-ல இருந்து 1992 வரைக்கும் அங்க உள்நாட்டுப் போர், ரெண்டு தரப்பு ஆட்களும் தந்தத்துக்காக யானையைச் சுட்டாங்க, 90 சதவீதத்துக்கு மேல யானை போயிடுச்சு. அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு, ஆனா போருக்கு முன்னாடியே 18.5 சதவீதம் பெண் யானைங்க தந்தம் இல்லாமதான் இருந்துச்சு. தந்தம் இல்லாததைச் சுட்டு யாருக்கும் லாபம் இல்லையே, அதுங்க தப்பிச்சுது, போருக்கு அப்புறம் அந்தக் கணக்கு 50.9 சதவீதம். போர் முடிஞ்சு பொறந்த பெண் குட்டிங்கள்லயும் தந்தம் இல்லாதது ஏறக்குறைய மூணுல ஒண்ணு, அதாவது இது பரம்பரையா இறங்குது. 2021-ல வந்த ஆய்வு இதுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல (பெண்ணுக்கு ரெண்டு, ஆணுக்கு ஒண்ணு இருக்கிற ஜீன் தொகுப்பு) இருக்குன்னு காட்டுச்சு, அந்த மாற்றம் ஆண் கருவுக்கு வந்தா கரு பிழைக்காதுன்னும் தெரியவந்துச்சு, அதனால தந்தமில்லாத தாய்க்கு ஆண் குட்டி குறைவு. துப்பாக்கியைப் பார்த்து எந்த யானையும் தந்தத்தை உதுத்துடல. துப்பாக்கி அங்க சல்லடை வேலை பார்த்துச்சு. அதுக்கான விலையை இன்னைக்கும் அந்தக் கூட்டம் பொறக்காத ஆண் குட்டிகளா கொடுத்துட்டு இருக்குன்னு நினைச்சா எனக்கு மனசு கனமாயிடும்.

"சரி அது யானை, மனுஷனுக்கு?"ன்னு கேள்வி வரும், கண்டிப்பா வரும். அதுக்குப் பாலை விட நல்ல பதில் கிடையாது. பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ்னு ஒரு என்சைம் வேணும், குழந்தைங்க எல்லாருக்கும் அது சுரக்கும், தாய்ப்பால் வயசு தாண்டினதும் பாலூட்டி விலங்குகளுக்கு அது குறைஞ்சிடும், மனுஷங்கள்லயும் உலகத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பேருக்குக் குறைஞ்சிடுது. அப்படிப்பட்டவங்க டம்ளர் டம்ளரா பால் குடிச்சா செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்க பாக்டீரியா அதைப் புளிக்கவச்சு வயிறு உப்பும், பொருமும், சிலருக்கு வெளிய போகும். இது வியாதி இல்ல, பழைய நிலை இதுதான். மாடு வளர்க்கிற பழக்கம் வந்த சில இடங்கள்ல மட்டும் பெரியவங்க ஆன பிறகும் லாக்டேஸ் சுரக்கவைக்கிற மியூட்டேஷன் வேகமாப் பரவியிருக்கு. ஐரோப்பாவுல ஒரு மியூட்டேஷன், கென்யா தான்சானியா பக்கம் மாடு மேய்க்கிறவங்ககிட்ட வேற மியூட்டேஷன், தனித்தனியா வந்தது, பலன் ஒண்ணுதான். இந்தியாவுல பார்த்தா ஐரோப்பாவுல இருக்கிற அதே மாற்றம்தான், வடமேற்குல அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் கம்மி. நம்ம வீடுகள்ல சிலருக்குப் பால் ஒத்துக்காம மோர் தயிர் ஒத்துக்கிறதுக்குக் காரணமும் இங்கதான் இருக்கு, தயிராகும்போது பாக்டீரியா அந்தச் சர்க்கரையில ஒரு பகுதியை முன்னாடியே தின்னுடுது.

இதுல வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்க, ரொம்ப முக்கியம். ஜீன் வந்து அப்புறம் பால் குடிக்க ஆரம்பிக்கல. துருக்கி பக்கம் ஏறக்குறைய 9,000 வருஷத்துக்கு முந்தைய பானை ஓட்டுலயே பால் கொழுப்பு கிடைச்சிருக்கு, போலந்துல ஓட்டை போட்ட மண்சட்டித் துண்டுகள், 7,000 வருஷப் பழசு, சீஸ் வடிகட்டினதுக்கான பால் கொழுப்பு அதுல ஒட்டியிருந்துச்சு. அந்த மியூட்டேஷன் ஐரோப்பாவுல பரவலா ஆனது அதுக்கெல்லாம் ரொம்பக் காலம் கழிச்சுத்தான். மாடு வளர்க்கிறது, கறக்கிறது, புளிக்கவைக்கிறது, எல்லாம் டெக்னாலஜிதான், மனுஷன் கையால செஞ்ச மாற்றம், அது முதல்ல வந்து ஜீன் பின்னாடி வந்துச்சு. "டெக்னாலஜி பரிணாமத்துல சேருமா"ங்கிற கேள்விக்கு என் பதில் இதுதான், சேரும், ஆனா சூழலா சேரும். மழை, வெயில், புலி மாதிரி நாமே உண்டாக்கின இன்னொரு நெருக்கடி அது.

அடுத்த கேள்வி கொஞ்சம் வழுக்கும்: டெக்னாலஜியே தனியா பரிணமிக்குதா? இதுக்கு சென்னைக்குப் பக்கத்துலயே சாட்சி இருக்கு. திருவள்ளூர் மாவட்டத்துல கொசஸ்தலையாறு பக்கம் அத்திரம்பாக்கம்னு ஊர், அங்க கிடைச்ச கல் கோடாரிங்களுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வருஷம் வயசுன்னு தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழு 2011-ல சொன்னாங்க. அதே இடத்துல மேல உள்ள அடுக்குகள்ல ஏறக்குறைய 3,85,000 வருஷத்துக்கு முன்னாடி கருவி மாற ஆரம்பிக்குது, பெரிய கைக்கோடாரி குறைஞ்சு, கல்லை முன்கூட்டியே தயார் பண்ணி அதுல இருந்து சின்னச் சின்ன செதில் எடுக்கிற முறை வருது, அது 2018-ல வெளியான ஆய்வு. அப்ப அந்த ஆளுங்க உடம்பும் மாறுச்சா? சொல்ல முடியாது, ஏன்னா அங்க மனித எலும்பே கிடைக்கல, கல்லு மட்டும்தான். புதுக் கருவியைப் பார்த்ததும் புது இனம்னு முடிவு கட்டக் கூடாதுன்னு பசங்களுக்கு இந்த இடத்தை வச்சே சொல்லலாம், பூண்டியில இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப்போய் அந்த மாதிரி கல்லைக் கண்ணால பார்க்கவச்சா இன்னும் நல்லா நிக்கும்.

கருவியும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு செஞ்சு, கொஞ்சம் மாறி, நல்லது நின்னு, மத்தது போயிடுதுங்கிறதால அதையும் பரிணாமம்னு சொல்றதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, கலாச்சாரப் பரிணாமம்னு ஆராய்ச்சியாளர்களும் சொல்றாங்க. ஆனா விதி வேற. நமக்கு ஜீன் அப்பா அம்மாகிட்ட இருந்துதான் வரும், கருவி செய்யுற வித்தை பக்கத்து ஊர்க்காரன்கிட்ட இருந்தும் வரும், பேரன்கிட்ட இருந்து தாத்தாவுக்கும் போகும். வாழ்நாள்ல கத்துக்கிட்டது அப்படியே அடுத்தவனுக்குப் போகும், 1809-ல லாமார்க்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி இப்படித்தான் நடக்குதுன்னு உயிர்களுக்குச் சொன்னது அங்க சரிவரல, கருவிக்கு சரியா வருது. அப்புறம் நோக்கம். விமானம் செஞ்ச ரைட் சகோதரர்கள் 1901-ல காற்றுச் சுரங்கம் (காத்தை வேகமா ஓடவிட்டு இறக்கையைச் சோதிக்கிற பெட்டி) கட்டி ஏறக்குறைய 200 வகை சின்ன இறக்கையைச் சோதிச்சாங்க, எதுக்குன்னு தெரிஞ்சே மாத்திப் பார்த்தாங்க, பயறுக்கு நடுவுல வந்த அந்தக் கருப்பு உளுந்துக்கு அப்படி எந்த எண்ணமும் கிடையாது.

ஆன்டிபயாடிக்கைப் பத்தி சொல்லாம விட்டுடாதீங்க, ஏன்னா இது வீட்டுக்குள்ளயே நடக்குது. "மாத்திரை கேட்கல, உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு"ன்னு சொல்றோமே, பழகினது நம்ம உடம்பு இல்ல, உள்ள இருக்கிற பாக்டீரியா கூட்டம் மாறிடுச்சு. மருந்துல சாகாத ஒண்ணு ரெண்டு பிழைச்சுப் பெருகுது, அது போதாதுன்னு எதிர்ப்பு ஜீனை பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாத்தியும் விடுது. பெனிசிலினைக் கண்டுபிடிச்ச ஃபிளெமிங்கே 1945-ல நோபல் உரையில கம்மி டோஸ்ல எடுத்தா கிருமி தாக்குப்பிடிக்கப் பழகிடும்னு எச்சரிச்சார். டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல்ல போய் "போன தடவை வாங்கினதையே குடுங்க"ன்னு கேட்கிறது இதனாலதான் ஆபத்து, தயவுசெஞ்சு இதைப் பசங்ககிட்ட மட்டும் இல்ல, வீட்டுப் பெரியவங்ககிட்டயும் சொல்லுங்க.

இனி யாராவது எதையாவது காட்டி "இது எவல்யூஷன்"னா நிதானமா கேட்டுப் பாருங்க: இங்க எது பிரதி ஆகுது, ஜீனா பழக்கமா பொருளா? அது ஆளுக்கு ஆள் வித்தியாசமா இருக்கா? அந்த வித்தியாசத்தால யாருக்காவது வாரிசு கூடுதா குறையுதா? எத்தனை தலைமுறை ஆச்சு? ஏஐயை எடுத்துக்கிட்டா பிரதி ஆகுறது புரோகிராம், எது நிக்கணும்னு தேர்ந்தெடுக்கிறது மனுஷங்க, அதனால அது கல் கோடாரி போன வழியில வருது, யானை போன வழியில இல்ல. ஃபோனுக்கு கடைசிக் கேள்வியே போதும், நல்ல சாப்பாடும் சூடும் கிடைச்சா ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஒரு தலைமுறை 20 நிமிஷம், மனுஷனுக்கு ஏறக்குறைய 25 வருஷம், ஐஃபோன் வந்ததே 2007-லதான்.