குளிர் காலையில் டீசல் கார் உதறுகிறதா?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஜனவரி காலையில் டீசல் கார் ஸ்டார்ட் ஆனதும் உதறி, வெள்ளைப் புகை தள்ளி, ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிட்டால் முதல் சந்தேகம் க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றித் தரும் பிளக்) மேல்தான். ஒன்று போனாலும் போதும், அந்தச் சிலிண்டர் சூடேறும்வரை ஒழுங்காக எரியாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளக் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே பாருங்கள். 2 ஓமுக்குள் காட்டினால் பெரும்பாலும் நல்லது. எதுவுமே காட்டாவிட்டால் போச்சு. எல்லாப் பிளக்கும் நன்றாக இருந்தால் அப்புறம் பார்க்க வேண்டியது அவற்றுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே, ஃபியூஸ். சூடான பிறகும் உதறல் நிற்கவில்லையா? டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டராகவோ டீசல் லைனில் காற்றாகவோ இருக்கலாம். பிளக்கைக் கழற்றும்போது மட்டும் பலம் காட்டாதீர்கள். உள்ளே முறிந்தால் ஹெட்டையே (இன்ஜினின் மேல் பகுதியை) இறக்க வேண்டி வரும்.