மின்னசோட்டா ஏரியில் தூண்டில் போடும் முன்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் சின்ன ஏரி ஒன்றில் மீன் பிடிக்கப் போகிறீர்களா? மாநில இயற்கை வளத் துறையின் ‘லேக்ஃபைண்டர்’ பக்கத்தில் அந்த ஏரியின் பெயரைத் தட்டிப் பாருங்கள். துறையினர் வலை போட்டு எடுத்த மீன் கணக்கெடுப்பு அறிக்கை இலவசமாகவே கிடைக்கும்.

முதலில் எந்த ஆண்டுக் கணக்கு என்று பாருங்கள்; சின்ன ஏரிகளில் அவர்கள் அடிக்கடி வலை போடுவதில்லை. அப்புறம் ஒரு வலைக்கு எத்தனை மீன் என்ற எண். அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம், விஷயம் மீன்களின் நீளத்தைக் காட்டும் அட்டவணையில்தான் இருக்கிறது. பைக் (pike) என்ற வேட்டை மீன் ஏராளம், ஆனால் பெரும்பாலும் 20 அங்குலத்துக்குக் கீழே என்றால், மெலிந்த குட்டிகளே தூண்டிலைக் கடித்துக்கொண்டிருக்கும். பெர்ச் மீன்களையும் அவை தின்று குறைத்திருக்கும். அங்கே சிறிய பைக் மீனை வீட்டுக்கு எடுத்துப் போவது ஏரிக்கும் நல்லது. முள் அதிகம்தான், ருசியில் குறையில்லை. 2018இல் வந்த விதிப்படி வட மத்திய மண்டலத்தில் 10 வரை வைத்துக்கொள்ளலாம். 22 முதல் 26 அங்குலம் வரை உள்ளவற்றைத் திரும்ப விட வேண்டும், 26க்கு மேல் இரண்டுதான். போகுமுன் அந்த ஆண்டு விதியையும் சரிபாருங்கள்.

புளூகில் மீனுக்குச் செவுள்வலை (மீனின் செவுள் சிக்கும் வலை) எண் அவ்வளவாக உதவாது, பொறிவலை (உள்ளே நுழைந்த மீன் வெளியேற முடியாத கூண்டு போன்ற வலை) எண்ணைப் பாருங்கள். வால்ஐ (walleye) மீன் வேண்டுமென்றால் ஏரியில் அதன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்ட ஆண்டுகளைப் பாருங்கள். அதற்கு அந்தி சாயும் நேரத்தில் தூண்டில் போடுங்கள். ஆழமில்லாத ஏரி என்றால் கடந்த குளிர்காலத்தில் பனிக்கு அடியில் ஆக்ஸிஜன் குறைந்து மீன் செத்ததா என்று பக்கத்து இரைக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.